ராமன் விளைவுக்குப் பின்னால் இருந்த வத்திராயிருப்பு விஞ்ஞானி: யார் இந்த கே.எஸ்.கிருஷ்ணன்?

தீபாவளி சீசனில் சாத்தூர் - சிவகாசி ரோட்டில் போயிருக்கீங்களா? ரெண்டு பக்கமும் பட்டாசுக் கடை போர்டுகள்தான். அதே ரோட்டில் சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்துப் போய்க்கிட்டே இருந்தால், மலையடிவாரத்தில் வத்திராயிருப்பு வரும். ஊர்க்காரங்க வாயில் அது 'வத்ராப்'.

அந்த ஊரில் பிறந்த ஒருத்தரைத்தான் இன்னைக்குப் பார்க்கப்போறோம். பெயர் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன், சுருக்கமா கே.எஸ்.கிருஷ்ணன். ஒவ்வொரு வருஷமும் பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினத்துக்கு சர் சி.வி.ராமன் படம்தான் ஸ்டேட்டஸில் வரும். அந்தக் கண்டுபிடிப்பை உலகத்துக்குச் சொன்ன முதல் குறிப்பில் ரெண்டு பெயர் இருந்தது. ரெண்டாவது பெயர் இவருடையது.

இப்போ ஏன் இவரைப் பற்றிப் பேசணும்? காரணம் இருக்கு. வேதியியலும் இயற்பியலும் படிக்கிற நிறைய மாணவர்கள் இன்னைக்கு புராஜெக்ட்டுக்காக ஒளிரும் சாயங்களை கம்ப்யூட்டரிலேயே ஆராய்ச்சி பண்றாங்க. ஒரு சாய மூலக்கூறு எந்த நிற ஒளியை உறிஞ்சும், எந்த நிறத்தில் திருப்பி விடும் என்று லேப்டாப் கணக்குப் போட்டுச் சொல்லிவிடுகிறது. அந்தப் பதிலை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்கு, கம்ப்யூட்டரே இல்லாத காலத்தில் வாழ்ந்த கிருஷ்ணனின் வாழ்க்கையில் ஒரு நல்ல பாடம் இருக்கு.

மத்தாப்பும் ஹைலைட்டரும் ஒண்ணா?

முதலில் அடிப்படையைப் பார்த்துடலாம்.

மத்தாப்பில் சிவப்பு நிறம் ஸ்ட்ரான்சியம் உப்பால் வருது, பச்சை பேரியம் உப்பால் வருது. அங்கே ஆற்றலைக் கொடுப்பது நெருப்பு. சூட்டில் கிளர்ந்தெழுந்த துகள்கள் ஒளியாக அந்த ஆற்றலை வெளியே விடுகின்றன.

ஹைலைட்டர் பேனா மை பளிச்சென்று தெரிவதற்குக் காரணம் வேறு. அங்கே நெருப்பும் இல்லை, சூடும் இல்லை. மையில் இருக்கும் சாயம் நீலம் அல்லது புற ஊதா ஒளியை உறிஞ்சுகிறது. உள்ளே இருக்கும் எலக்ட்ரான் ஒரு படி மேலே ஏறுகிறது. ஏறினதும் கொஞ்சம் ஆற்றலை மூலக்கூறின் அதிர்வில் இழந்துவிட்டு, சில நானோ விநாடிகளில் கீழே இறங்குகிறது. இறங்கும்போது மிச்ச ஆற்றல் ஒளியாக வெளியே வருகிறது. நடுவில் கொஞ்சம் இழந்துவிட்டதால், வெளியே வரும் ஒளியின் அலைநீளம் உள்ளே போனதைவிட அதிகம். நீலம் உள்ளே போனால் பச்சையோ மஞ்சளோ வெளியே வரும். இதற்குப் பெயர்தான் ஃபுளோரசன்ஸ். தமிழில் உடனொளிர்தல்.

உள்ளே போன நிறம் வேறு, வெளியே வரும் நிறம் வேறு. இந்த விஷயத்தை நினைவில் வெச்சுக்கோங்க. கிருஷ்ணன் வாழ்க்கையின் பெரிய திருப்பமே இதில்தான் இருக்கு.

வத்திராயிருப்பிலிருந்து கல்கத்தாவுக்கு

கிருஷ்ணன் பிறந்தது 1898 டிசம்பர் 4. வத்திராயிருப்பிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பள்ளிப் படிப்பு. அப்புறம் மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. தமிழிலும் சமஸ்கிருதத்திலும் நல்ல பிடிப்பு. அது கடைசி வரைக்கும் அவரை விட்டுப் போகவில்லை.

படிப்பு முடிந்ததும் கிறிஸ்தவக் கல்லூரியிலேயே வேதியியல் துறையில் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை. மதிய இடைவேளையில் மாணவர்கள் அவரைச் சுற்றி உட்காருவார்கள். இயற்பியல், வேதியியல், கணிதம் என்று எதில் சந்தேகம் கேட்டாலும் பேச்சு ஓடும். ஒரே துறைக்குள் அடங்காத ஆள் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

1920-ல் கல்கத்தா போனார். 1923-ல், பவ்பஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ராமனின் குழுவில் சேர்ந்தார்.

அந்தக் குட்டி வெளிச்சம் என்ன?

அப்போது ராமன் குழு ஆராய்ந்துகொண்டிருந்தது ஒளிச்சிதறல். அதாவது தண்ணீர் மாதிரியான திரவம் வழியாக ஒளி போகும்போது அது எப்படிப் பக்கவாட்டில் சிதறுகிறது என்பது.

சோதனை முறை எளிமையானது, ஆனா புத்திசாலித்தனமானது. சூரிய ஒளியை ஒரு ஊதா நிற வடிகட்டி வழியாக திரவத்துக்குள் அனுப்புவார்கள். பக்கவாட்டில் வரும் ஒளியை, ஊதாவை மட்டும் தடுத்துவிடும் பச்சை வடிகட்டி வழியாகப் பார்ப்பார்கள். சிதறிய ஒளி உள்ளே போன அதே நிறத்தில் இருந்தால், பச்சை வடிகட்டிக்குப் பின்னால் கும்மிருட்டுதான் தெரியணும்.

ஆனா முழு இருட்டு வரவில்லை. 1923-ல் குழுவில் இருந்த கே.ஆர்.ராமநாதன் தண்ணீரை வைத்துப் பார்த்தபோது, ரொம்ப மங்கலாக ஒரு வெளிச்சம் மிச்சம் இருந்தது. நிறம் மாறிய வெளிச்சம்!

நிறம் மாறினால் என்ன அர்த்தம்? அன்றைக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான்: ஃபுளோரசன்ஸ். தண்ணீர் தானாக ஒளிராதே, அப்போ தண்ணீரில் ஏதோ அழுக்கு கலந்திருக்கு. இப்படித்தான் யாராக இருந்தாலும் நினைத்திருப்பார்கள். ராமநாதன் தண்ணீரைத் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்தார். வெளிச்சம் போகவே இல்லை.

அடுத்து கிருஷ்ணன் இறங்கினார். ஒன்றிரண்டு இல்லை, 65 திரவங்கள்! ஒவ்வொன்றையும் வெற்றிடத்தில் மெதுவாகக் காய்ச்சி வடித்து, தூசி துரும்பு இல்லாமல் மூடிய கண்ணாடிக் குமிழுக்குள் எடுத்து, அப்புறம்தான் ஒளியைச் செலுத்திப் பார்த்தார். பல திரவங்களில் அதே மங்கலான வெளிச்சம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கணும். அழுக்குதான் காரணம் என்றால் ஒரு திரவத்தில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. சுத்தம் செய்யச் செய்யக் குறையும். இங்கே ரெண்டுமே நடக்கவில்லை. ஆனாலும் அவர்கள் அவசரப்பட்டு புதுக் கண்டுபிடிப்பு என்று அறிவிக்கவில்லை. பலவீனமான ஃபுளோரசன்ஸ் என்ற பெயரிலேயே சில வருஷங்கள் அது குறிப்பேட்டில் கிடந்தது.

1928 பிப்ரவரியில் நடந்தது என்ன?

1928 பிப்ரவரி முதல் வாரத்தில் கிருஷ்ணன் மறுபடியும் ஃபுளோரசன்ஸ் பக்கம் திரும்பினார். எடுத்துக்கொண்டது ஆந்திரசீன் ஆவி. ஆந்திரசீன் என்பது மூன்று பென்சீன் வளையங்கள் வரிசையாக ஒட்டிக்கொண்ட மூலக்கூறு. நிலக்கரித் தாரிலிருந்து கிடைப்பது. புற ஊதா ஒளி பட்டால் நீல ஊதாவில் ஒளிரும். பல சாயங்களுக்கு இதுதான் எலும்புக்கூடு.

ஆந்திரசீனிலிருந்து திரவங்களுக்கும் ஆவிகளுக்கும் வேலை போனது. அப்போதுதான் முடிச்சு அவிழ்ந்தது. அந்தப் பழைய மங்கல் வெளிச்சம் நல்ல தளவிளைவு கொண்டிருந்தது. அதாவது அந்த ஒளியின் அதிர்வு பெரும்பாலும் ஒரே தளத்தில் இருந்தது. சாதாரண திரவத்தின் ஃபுளோரசன்ஸ் அப்படி இருக்காது. எலக்ட்ரான் மேலே ஏறி, நானோ விநாடிகள் தங்கி, அப்புறம் இறங்குவதற்குள் மூலக்கூறு எத்தனையோ தடவை திரும்பியிருக்கும். திசை பற்றிய ஞாபகமே அதற்கு இருக்காது.

அப்போ இந்த ஒளி உள்ளே போய்த் தங்கிவிட்டு வரவில்லை. போன வேகத்திலேயே சிதறி, சிதறும்போதே நிறம் மாறி வருகிறது. ஒளி தன் ஆற்றலில் ஒரு சின்னப் பங்கை மூலக்கூறின் அதிர்வுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தோடு வெளியே வருகிறது. இப்படி நிறம் மாறுவது ரொம்பவே அபூர்வம். சுமார் ஒரு கோடி ஃபோட்டான்களில் ஒன்றுக்குத்தான் அந்த அனுபவம் கிடைக்கும் என்று வெச்சுக்கலாம்.

பிப்ரவரி 28 அன்று பாதரச விளக்கின் ஒளியைச் செலுத்தி, நிறமாலைமானி வழியாகப் பார்த்தார்கள். பழைய கோடுகளுக்குப் பக்கத்தில், இடைவெளி விட்டு, புதுக் கோடுகள் தனியாக நின்றன. ராமன், கிருஷ்ணன் இருவர் பெயரிலும் எழுதப்பட்ட சின்னக் குறிப்பு 1928 மார்ச் 31 தேதியிட்ட நேச்சர் இதழில் வெளியானது.

நோபல் ஏன் ராமனுக்கு மட்டும்?

எல்லாரும் கேட்கிற கேள்வி. 1930 இயற்பியல் நோபல் ராமனுக்குத் தனியாகத்தான் கொடுக்கப்பட்டது.

ராமன் பக்கத்து நியாயம் இருக்கு. 1921-ல் கப்பலில் போகும்போது கடலின் நீலத்தைப் பார்த்து இந்த ஆராய்ச்சியைத் தொடங்கியவர் அவர். கேள்வி அவருடையது, ஆய்வுக்கூடத்தை நடத்தியவரும் அவர்தான். ராமநாதன், எஸ்.வெங்கடேஸ்வரன் என்று பல கைகள் அதில் வேலை செய்தன. தன் நோபல் உரையிலேயே மாணவர்களின் பங்கை ராமன் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார்.

கிருஷ்ணன் பக்கத்து நியாயமும் இருக்கு. சுத்தம் செய்தது, கண்ணைக் கசக்கிக்கொண்டு இருட்டறையில் பார்த்தது, தளவிளைவைச் சோதித்தது என்று அந்த முக்கியமான வாரங்களின் சோதனைகளில் பெரும்பகுதி அவர் கையால் நடந்தது. ரெண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் சரி. ஆராய்ச்சிக்குத் திசை காட்டியவர் ஒருத்தர், அந்தத் திசையில் அழுக்கு இல்லை என்று நிரூபித்தவர் இன்னொருத்தர்.

பரிசு அறிவிப்பு வருவதற்கு முன்பே கிருஷ்ணன் அடுத்த வேலைக்குப் போய்விட்டார். பெயர்ச் சண்டையில் இறங்கவும் இல்லை.

அதற்குப் பிறகு என்ன செய்தார்?

1928 டிசம்பரில் டாக்கா பல்கலைக்கழகம். அங்கே இயற்பியல் துறையில் இருந்தவர் சத்யேந்திரநாத் போஸ். கிருஷ்ணன் அங்கே படிகங்களைப் பிடித்துக்கொண்டார். ஒரு சின்னப் படிகத்தை மெல்லிய இழையில் தொங்கவிட்டு, காந்தப்புலத்தில் அது எவ்வளவு திரும்புகிறது என்று அளப்பார். அந்தத் திருப்பத்தை வைத்தே, படிகத்துக்குள் மூலக்கூறுகள் எந்தக் கோணத்தில் படுத்திருக்கின்றன என்று கணக்கிட்டுவிடுவார்.

1933-ல் கல்கத்தா திரும்பி, மகேந்திரலால் சர்கார் பேராசிரியர் ஆனார். அங்கே பி.கே.சேஷனோடு சேர்ந்து மறுபடியும் ஃபுளோரசன்ஸ்! இந்த முறை திரவம் இல்லை, படிகம். ஆந்திரசீன் படிகத்துக்குள் மிகச் சிறிதளவு நாஃப்தசீன் கலந்தால், நீல ஊதாவில் ஒளிரவேண்டிய படிகம் பச்சை கலந்த மஞ்சளில் ஒளிர ஆரம்பிக்கும். ஆந்திரசீன் வாங்கிய ஆற்றலை பக்கத்தில் இருக்கும் நாஃப்தசீனுக்குக் கைமாற்றிவிடுகிறது. படிகத்தில் மூலக்கூறு நிற்கும் திசைக்கும், அது உறிஞ்சும், உமிழும் ஒளியின் திசைக்கும் என்ன தொடர்பு என்று இருவரும் ஆராய்ந்தார்கள்.

இங்கே அழுக்கு வில்லன் இல்லை, வேண்டுமென்றே சேர்த்த விருந்தாளி. சின்னக் கலப்படம் ஒளியின் நிறத்தையே மாற்றிவிடும் என்பது ஒரு காலத்தில் அவருக்குப் பயமாக இருந்தது. இப்போது அதுவே ஆராய்ச்சிக் கருவி ஆகிவிட்டது.

1940-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1942 முதல் அலகாபாத் பல்கலைக்கழகம். 1946-ல் சர் பட்டம். 1947-ல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். 1948-ல் அணுசக்தி ஆணையம் தொடங்கியபோது ஹோமி பாபா, பட்நாகர் ஆகியோரோடு அவரும் உறுப்பினர். 1954-ல் பத்மபூஷண். 1958-ல் பட்நாகர் விருது தொடங்கியபோது அதை முதலில் பெற்றவர் இவர்தான். 1961 ஜூன் 14 அன்று டெல்லியில் இறந்தார். வயது 62.

ஓட்டுப் போட்டதும் உங்க விரலில் வைக்கும் அழியாத மை இருக்கில்லையா? 1962 பொதுத்தேர்தலில் அது பயன்பாட்டுக்கு வந்தது. அதை உருவாக்கியது, அவர் கட்டியெழுப்பிய அதே தேசிய இயற்பியல் ஆய்வகம். அந்த மையில் இருக்கும் வெள்ளி நைட்ரேட் கருப்பாவதற்கும் ஒளிதான் உதவுகிறது.

கம்ப்யூட்டருக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

கிருஷ்ணன் கணிதத்திலும் கை வைத்தவர். 1948-ல் அவர் வெளியிட்ட ஒரு சின்ன முடிவு சுவாரசியமானது.

ஒரு வளைகோட்டுக்குக் கீழே இருக்கும் பரப்பைக் கண்டுபிடிக்க பிளஸ் டூவில் தொகையிடல் படிப்போம். கம்ப்யூட்டருக்கு அப்படி முழுசாகத் தொகையிடத் தெரியாது. அங்கங்கே சம இடைவெளியில் புள்ளி வைத்து, அந்த உயரங்களைக் கூட்டி, இடைவெளியால் பெருக்கும். கிடைப்பது தோராயமான விடைதான் என்று நமக்குச் சொல்லித்தருவார்கள். ஆனா சில வகை வளைகோடுகளுக்கு, இடைவெளி ஒரு அளவுக்குள் இருந்தால், கூட்டலும் தொகையிடலும் அச்சு அசலாக ஒரே விடை தரும் என்று கிருஷ்ணன் காட்டினார்.

உதாரணம் வேணுமா? சைன் x-ஐ x-ஆல் வகுத்து, வர்க்கம் எடுங்க. அந்த வளைகோட்டின் மொத்தப் பரப்பு பை, அதாவது 3.14159... இப்போ பூஜ்ஜியம், 1, 2, 3, அப்புறம் -1, -2, -3 என்று முழு எண்களில் மட்டும் அதன் மதிப்பைக் கூட்டிக்கொண்டே போங்க. பூஜ்ஜியத்தில் மட்டும் மதிப்பை 1 என்று எடுத்துக்கோங்க. கோணம் ரேடியனில் இருக்கணும். கடைசியில் வருவதும் அதே பைதான். தோராயமாக இல்லை, சரியாக.

சாய மூலக்கூறை கம்ப்யூட்டரில் கணக்கிடும்போதும் இதே கேள்விதான் வரும். மூலக்கூறைச் சுற்றிய வெளியைப் புள்ளிகளாகப் பிரித்து, எலக்ட்ரான் எங்கே எவ்வளவு அடர்த்தியாக இருக்கு என்று கூட்டுவார்கள். புள்ளிகள் போதுமான நெருக்கத்தில் இருக்கா இல்லையா என்பது விடையைத் தீர்மானிக்கும்.

அப்போ மாணவர்கள் எதைக் கவனிக்கணும்?

சாயங்களைக் கணக்கிட இப்போ அதிகம் பயன்படுவது, காலத்தைச் சார்ந்த அடர்த்திச் சார்பியக் கோட்பாடு. ஆய்வுக்கூடத்தில் டி.டி - டி.எஃப்.டி. என்பார்கள். சாயத்தின் வடிவத்தைக் கொடுத்தால், எலக்ட்ரான் மேலே ஏற எவ்வளவு ஆற்றல் வேணும் என்று சொல்லும். அந்த ஆற்றல்தான் நிறம்.

ஆனா இந்த முறையில் கால் எலக்ட்ரான் வோல்ட் வரைக்கும் பிழை வருவது சாதாரணம். கேட்க சின்ன எண்தான். கணக்குப் போட்டுப் பாருங்க. உண்மையான ஆற்றல் 2.5 என்றால் அலைநீளம் சுமார் 496 நானோமீட்டர், அதாவது நீலப் பச்சை. கம்ப்யூட்டர் 2.75 என்று சொன்னால் 451 நானோமீட்டர், நல்ல நீலம். நிறமே மாறிப்போச்சு! சாயம் தண்ணீரில் இருக்கா, எத்தனாலில் இருக்கா என்பதைச் சேர்க்காமல் விட்டால் விடை இன்னும் நகரும்.

கணினி தரும் எண்ணும் ஒரு மங்கலான வெளிச்சம் மாதிரிதான். அது மூலக்கூறின் குணமா, இல்லை நாம் தேர்ந்தெடுத்த முறையின் அழுக்கா? இதைப் பிரித்துப் பார்க்க கிருஷ்ணன் செய்ததையே கம்ப்யூட்டரிலும் செய்யலாம்.

ஒன்று, ஒரே ஒரு சாயத்தோடு நிறுத்தாமல் ஒரே குடும்பத்துச் சாயங்கள் பலவற்றைக் கணக்கிடுவது. எல்லாவற்றிலும் ஒரே பக்கமாக விடை விலகினால், அது முறையின் பழக்கம்.

ரெண்டு, கணக்கிடும் முறையையும் புள்ளிகளின் நெருக்கத்தையும் மாற்றிப் பார்ப்பது. மாற்ற மாற்ற விடை ஆடிக்கொண்டே இருந்தால் அதை நம்பக் கூடாது.

மூணு, கடைசியில் நிஜ சாயத்தை எடுத்து நிறமாலைமானியில் வைத்துப் பார்ப்பது. அதுவும் சுத்தம் செய்த சாயமாக இருக்கணும்.

அந்த மங்கல் வெளிச்சத்தை அழுக்கு என்று 1923-லேயே ஒதுக்கியிருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். புதுக் கண்டுபிடிப்பு என்று அப்போதே அறிவித்திருந்தால் ஆதாரம் இல்லாமல் மாட்டியிருப்பார்கள். ரெண்டையும் செய்யாமல் 65 திரவங்களைக் காய்ச்சி வடித்த பொறுமைதான் பின்னால் அந்தக் கண்டுபிடிப்புக்கு அடித்தளம் ஆனது.

அடுத்த பிப்ரவரி 28-க்கு ஸ்டேட்டஸ் போடும்போது ராமன் படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு படத்தையும் சேர்த்துக்கோங்க. நம்ம வத்ராப்காரர் படம்.